சாகேல் கிராமங்களில் குழந்தைகளின் ஊட்டச்சத்து ஆய்வு

மேற்கு ஆப்பிரிக்காவின் சாகேல் வறள்நிலத்தில், 6 முதல் 59 மாத வயதுக் குழந்தைகளிடையே உடல் மெலிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அளக்கும் கள ஆய்வு இது. நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ ஆகிய நாடுகளில் இது தொடர்ந்து நடத்தப்படுகிறது. மருத்துவமனைப் பதிவேட்டில் வந்து சேர்ந்த குழந்தையின் பெயர்தான் இருக்கும். வராத குழந்தையைத் தேடிப் போவதால்தான் இந்த ஆய்வு இன்றியமையாததாகிறது.

2004-இன் வறட்சியும் வெட்டுக்கிளிகளும் நைஜரை உலுக்கின. 2005-இல் கம்பும் சோளமும் விளையும் மராடிப் பகுதியிலேயே மெலிந்த குழந்தைகள் திரளாகக் காணப்பட்டனர். விளைச்சல் கணக்கு மட்டும் குழந்தையின் நிலையைச் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அறுவடைக்கு முந்தைய ஜூன்–செப்டம்பர் மாதங்களில் குதிர் காலியாகிவிடும். மழையோடு மலேரியாவும் வரும். அதனால் எந்த மாதத்தில் அளந்தார்கள் என்று தெரியாமல் இரண்டு ஆண்டுகளின் முடிவுகளை ஒப்பிடக் கூடாது.

இன்று பரவலாக உள்ளது 2002-இல் தொடங்கப்பட்ட ‘ஸ்மார்ட்’ முறை. மக்கள்தொகைக்கு ஏற்ப ஊர்களையும், அவற்றுள் குலுக்கல் முறையில் வீடுகளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். எடை, உயரம், மேல்கைச் சுற்றளவு ஆகிய மூன்றும் அளக்கப்படும். 87 செ.மீ.க்குக் குறைந்த குழந்தையைப் படுக்கவைத்தே அளப்பார்கள். இரு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பார்கள். விழுந்தால் அது புரதக் குறைபாட்டோடு தொடர்புபடுத்தப்பட்டுவந்த குவாஷியோர்கர் நோயின் வீக்கமாக இருக்கலாம். அந்த நோயை 1930-களில் அன்றைய கோல்ட் கோஸ்டில் (இன்றைய கானா) மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் விவரித்தார்.

மேல்கைச் சுற்றளவு 125 மி.மீ.க்குக் குறைந்தால் மெலிவு, 115-க்குக் குறைந்தால் கடும் மெலிவு. எடை–உயர அளவீடோ உலக சுகாதார அமைப்பின் 2006 வளர்ச்சித் தரத்தோடு ஒப்பிடப்படுகிறது. இவ்விரண்டு அளவீடுகளும் எப்போதும் ஒரே குழந்தைகளைச் சுட்டுவதில்லை. ஒன்றை மட்டும் நம்பினால் பல குழந்தைகள் விடுபடுவார்கள். மெலிவு 15 விழுக்காட்டை எட்டினால் மிக மோசமான நிலையாகக் கருதப்படும்.

சிக்கல் பெரும்பாலும் வயதில்தான். பிறப்புச் சான்று இல்லாத வீடுகளில், பண்டிகை, அறுவடை, தேர்தல் ஆகியவற்றை வரிசைப்படுத்திய உள்ளூர் நாட்காட்டியைக் கொண்டு தாயிடம் கேட்டுக் கணிப்பார்கள். மாதங்கள் தவறினால் ‘வயதுக்கேற்ற உயரம்’ என்ற கணக்கே பிழையாகும். அளப்பவர்களும் முதலில் சோதிக்கப்படுகிறார்கள்: ஒரே குழந்தைகளை இருமுறை அளக்கவைத்து, வேறுபாடு மிகுந்தவரைக் களத்துக்கு அனுப்புவதில்லை.

ஆய்வின் முடிவு மாவட்டத்துக்கோ வட்டாரத்துக்கோ பொருந்தும். தனி ஊருக்குப் பொருந்தாது. 2012-க்குப் பின் வடக்கு மாலியில் மோதல் காரணமாகச் செல்ல முடியாத ஊர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படும்போது, விழுக்காடு உண்மையைவிடக் குறைவாகத் தெரியக்கூடும். எந்த ஊர்கள் விடுபட்டன என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.