நிணநீர் நாள அழற்சி: புத்தளம் கரையோரம்

குருதிக்குழாய்களிலிருந்து கசியும் நீர்மத்தை மீண்டும் குருதிக்குக் கொண்டுசேர்க்கும் மெல்லிய நாளங்கள் சிவந்து தடித்து நோவெடுக்கும் நிலை நிணநீர் நாள அழற்சி எனப்படும். இலங்கையில் யானைக்கால் நோய் நிலவிய எட்டு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்றாதலால், சிலாபம், மாரவில, வென்னப்புவ முதலிய கரையோர ஊர்களில் இவ்வழற்சியின் இரு வகைகளைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. யானைக்கால் நோயை உண்டாக்கும் முதிர்ந்த புழு இறந்துபடுவதால் எழும் அழற்சி, தொடையிடுக்கில் நெறி கட்டித் தொடங்கிச் சிவந்த கோடாகக் கீழிறங்கும்; பற்றீரியாவால் வருவதோ விரலிடுக்குப் புண்ணிலிருந்து மேலேறி, தோலைப் பரவலாகச் சிவக்கச் செய்து, நடுக்கத்துடன் கடுங்காய்ச்சலைத் தரும். வீக்கம் யானைக்காலாக முற்றுவதற்குப் பெரிதும் காரணமாவது இந்த இரண்டாம் வகையே என்பதால், சோப்பும் நீரும் கொண்டு நாள்தோறும் காலைக் கழுவி ஈரம் துடைத்தல் மருந்துக்கு நிகரான சிகிச்சையாகும்.

சிலீபதம் என்ற பெயரில் வடமொழி மருத்துவ நூல்கள் யானைக்காலைக் குறித்துள்ளன.

எனினும் இலங்கையில் யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் 1947இல் தொடங்கிய பின்னரே நோய்ப் பதிவுகள் செறிவடைகின்றன. அக்காலத்தில் நாட்டுப்புறத்தில் மேலோங்கியிருந்த புரூகியா மலாயி என்னும் புழு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே வீக்கம் தந்தது. உச்சரேரியா பான்கிரொப்டி என்னும் மற்றொரு புழு முழுக்காலையும் விதைப்பையையும் தாக்கியது. இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே எடுத்த குருதியில், இளம்புழுவின் வால்நுனியில் இரு கருக்கள் தெரிந்தால் அது புரூகியா எனவும், நுனி வெறுமையாக இருந்தால் உச்சரேரியா எனவும் நுண்ணோக்கியில் இனங்காணப்பட்டது. புரூகியாவைப் பரப்பிய மன்சோனியா நுளம்பின் குடம்பி மற்றக் குடம்பிகளைப் போல மூச்செடுக்க நீர்மட்டத்துக்கு வருவதில்லை. ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து, அதற்குள் இருக்கும் காற்றையே சுவாசித்து, நீருக்கடியில் மறைந்து வளரும். எனவே எண்ணெய் தெளித்தும் அழியாத அக்குடம்பி, குளங்களிலிருந்து செடியை அகற்றியதும் புகலிடமிழந்தது. 1960களின் இறுதியில் புரூகியாவும் மறைந்தது. செடியை அறிந்து நோயை வென்ற இம்முறை இலங்கைப் பொதுச்சுகாதார வரலாற்றில் தனிச்சிறப்புடையது.

அழுக்குநீரிலும் தேங்காய் மட்டை ஊறும் குழிகளிலும் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பின் வழியே உச்சரேரியா கரையோரத்தில் நிலைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலப் படை நடமாட்டம் அதனைப் பரப்பியது என்போரும், நகர நெரிசலே காரணம் என்போரும் உளர்.

2002 முதல் 2006 வரை டைஎத்தில்கார்பமசீன், அல்பெண்டசோல் ஆகிய மருந்துகள் ஆண்டுதோறும் மக்களுக்கு வழங்கப்பட்டன. பொதுச்சுகாதாரச் சிக்கல் என்ற அளவில் இலங்கையில் நோய் ஒழிந்ததாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மறைந்து ஏறத்தாழ நான்கு பத்தாண்டுகளுக்குப் பின் புத்தளம் உள்ளிட்ட இடங்களில் மீண்டும் தென்பட்ட புரூகியா பழைய வகையின் எச்சமாகவோ, நாய் பூனைகளிடமிருந்து தொற்றும் வேறு வகையாகவோ இருக்கக்கூடும். பின்னதற்கே சான்று மிகுதி எனக் கருதப்படுகிறது.