கத்தரி இட்ட பெயர்கள்

துணிக்கடையில் ஆடவர் பக்கம் தொங்கும் ஷர்ட்டும் மகளிர் பக்கம் தொங்கும் ஸ்கர்ட்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் கடைக்காரர் சிரிப்பார். சொல்லின்மேல் காதல் கொண்ட நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை உச்சரித்த உடனேயே உங்கள் காது உறவைக் கண்டுபிடித்திருக்கும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அவை இரண்டும் ஒரே உடையின் பெயர்கள். கடலுக்கு இந்தக் கரையில் ஒரு விதமாகவும் அந்தக் கரையில் இன்னொரு விதமாகவும் ஒலித்தன, அவ்வளவே.

அந்த உடையை இன்றும் தைத்து அணிபவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி, பேட்டில் என்று போரையே பெயராகச் சூடிக்கொண்ட சிற்றூர் ஒன்று உண்டு. 1066 அக்டோபர் 14 அன்று நார்மானியரும் ஆங்கிலேயரும் மோதிய களம் அதுதான். அக்டோபர் மாதத்தில் அங்கே கூடிப் பழம்போரை நடித்துக் காட்டும் மீள்நடிப்பாளர்கள் தங்கள் உடையை வேடம் என்று சொல்வதில்லை, வேடம் என்றால் முகம் சுளிப்பார்கள்; கிட் என்பார்கள். மரத் தொட்டியைக் குறித்த டச்சுச் சொல், படைவீரனின் மூட்டையைக் குறித்து, பிறகு அந்த மூட்டைக்குள் இருக்கும் அனைத்தையும் குறித்த கதை அது. அதை இன்னொரு நாள் அவிழ்க்கலாம். இன்று நமக்கு வேண்டியது, அந்த மூட்டையில் முதலில் கையில் எடுத்து, உடம்போடு ஒட்ட அணியும் லினன் சட்டை.

பழைய ஆங்கிலத்தில் ‘ஷிர்த்தெ’ என்றொரு சொல் அரிதாகத் தென்படுகிறது, அதுவும் லத்தீன் உடைப்பெயர் ஒன்றுக்கு உரையாக. அதே காலத்து வடகடல் மக்களின் பழைய நோர்ஸ் மொழியில் அதன் உடன்பிறப்பு ‘ஸ்கிர்த்தா’. இரண்டுக்கும் மூலமாக மொழியறிஞர் மீட்டெடுக்கும் செர்மானியச் சொல்லின் பொருள் குட்டையான உடை; இன்றைய ஆங்கிலத்தில் குட்டை என்று பொருள்படும் ‘ஷார்ட்’ அதே குடும்பம். இன்னும் தோண்டினால் இந்தோ-ஐரோப்பிய வேரொன்று தட்டுப்படுகிறது. அதன் பொருள் வெட்டு. வெட்டினால் குறைகிறது, குறைந்தது குட்டை, குட்டையானது ஷர்ட். ஆட்டு மயிரைக் கத்தரிக்கும் ‘ஷியர்’, உடைந்த ஓட்டுச்சில்லான ‘ஷார்ட்’ (குட்டையைக் குறிக்கும் ஷார்ட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஆங்கில எழுத்தில் வேறுபாடு உண்டு), மரத்தில் கீறி எண்ணிய ‘ஸ்கோர்’ ஆகிய அனைத்தும் அந்த ஒரே கத்தியின் தழும்புகள். கிரிக்கெட் ஸ்கோரைக் கேட்கும்போது, யாரோ ஒருவர் கட்டையில் வெட்டு இட்டு எண்ணிய ஓசையும் சேர்ந்து கேட்கிறது.

இந்த இடத்தில் தமிழரின் காதுக்குப் பழகிய ஓர் ஒலிமாற்றத்தைக் கவனியுங்கள். ஆங்கிலக் கரையில் ‘ஸ்க்’ நாவின் நடுவால் அண்ணத்தை நெருங்கி ‘ஷ்’ ஆயிற்று. நோர்ஸ் கரையில் வல்லின ககரம் அசையவில்லை. நம் வீட்டிலும் நடந்தது இதுவே. கன்னடர் கிவி என்னும் உறுப்பை நாம் செவி என்கிறோம். அவர்கள் கெய் என்பதை நாம் செய் என்கிறோம். அவர்களுக்குக் கிறு, நமக்குச் சிறு. முன்னுயிர் தொட்ட இடத்தில் அவர்களுடைய ககரம் பழமை காத்து நின்றது, நம்முடையது சகரமாக நெகிழ்ந்தது. இதனினும் சுவையான செய்தி, ஒரே மொழிக்குள் இரண்டு வடிவமும் வந்து தங்குவது. செம்மையின் ‘செம்’ நம்முடையது. அதே சொல்லின் கன்னட வடிவமான ‘கெம்பு’ கடனாக வந்து, நிறம் என்ற பொதுப்பொருளை விட்டுச் சிவப்புக் கல் என்ற தனிப்பொருளில் நம் நகைக்கடைகளில் குடியேறிவிட்டது. சிவப்பும் கெம்பும் தமிழில் எப்படியோ, ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் ஆங்கிலத்தில் அப்படி. 865இல் பெரும்படையாக வந்திறங்கி, இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் உழுது குடியமர்ந்த டேனியரோடு அந்த ககரம் கரையேறியது. 1016இல் கனூட் என்ற டேனியரே ஆங்கிலேயருக்கு அரசரானார். ஆங்கில எழுத்தில் ஸ்கர்ட் தலைகாட்டுவதோ ஏறத்தாழ 1300இல். ஊர்ப்பேச்சில் எத்தனை தலைமுறை உலவியிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் மொழி பொறுத்துக்கொள்ளாது. ஏதாவது ஒன்றை இடம்பெயர்த்துவிடும். உள்ளூர்ச் சொல் தோளிலேயே தங்கிவிட, வந்தேறிய சொல் இடுப்புக்குக் கீழே நழுவி, நீள அங்கியின் தொங்கும் கீழ்ப்பகுதியாகி, பிறகு தனி உடையாகி, உடையின் ஓரம் என்ற பொருளால் ஊரின் ஓரத்தையும் குறிக்கத் தொடங்கியது. டென்மார்க்கிலும் சுவீடனிலும் ஐஸ்லாந்திலும் அதே சொல் இன்றும் மேற்சட்டைதான். செர்மானியரும் டச்சுக்காரரும் அதே வேரிலிருந்து வந்த சொல்லைச் சமையலறையில் முன்பக்கம் கட்டும் துணிக்கு வைத்துக்கொண்டார்கள். மேலே, கீழே, முன்னே என்று ஓர் உடம்பையே பங்கிட்டுக்கொண்ட உடன்பிறப்புகள். இடையில் ஓர் எச்சரிக்கை: நம் சட்டையை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். ஒலி ஒத்துப்போவது தற்செயல். பாம்பு உரிப்பதும் சட்டை, சித்தர் ஒருவரின் பெயரும் சட்டைமுனி. ஆங்கிலேயர் கப்பலேறி வந்துதான் நமக்கு அந்தச் சொல்லைத் தர வேண்டியிருந்தது என்பதில்லை.

லினனுக்கு மேல் அணிந்த கம்பளி அங்கியின் பெயரைக் கேட்டாலும் கத்தரியின் ஓசைதான். பழைய ஆங்கிலத்தில் ‘கிர்த்தெல்’, நோர்ஸில் ‘கிர்த்தில்’. இதற்கு மூலம் குட்டை என்று பொருள்படும் லத்தீனின் ‘குர்த்துஸ்’ என்பர். அந்த லத்தீனும் மேற்சொன்ன வெட்டு வேரில் கிளைத்தது. அதே வேரின் நீட்சி சமற்கிருதத்தில் வெட்டும் வினையாகி, ‘கர்த்தரி’ என்ற கருவியாகி, பாகத வழியே நம் ‘கத்தரி’யாயிற்று என்பது பல அகராதிகளின் முடிவு, தமிழ்க் கத்தியோடு சேர்த்து அதைத் தமிழ் வேர் என்று கொள்ளும் அறிஞரும் உண்டு. முதல் முடிவே சரி எனில், தையற்காரர் கையிலுள்ள கத்தரியும் அது கத்தரிக்கும் ஷர்ட்டும் தூரத்து உறவினர். குட்டை என்ற பெயர் எதனோடு ஒப்பிட்டு வந்தது என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். அந்த 1066 போரின் கதையைத் தைத்துக் காட்டும், ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பாயே பூவேலைத் துணியில் அரியணையில் அமர்ந்த எட்வர்டு அரசரின் அங்கி பாதம்வரை புரள்கிறது. கப்பல் கட்டுபவரும் குதிரை பிடிப்பவரும் முழங்காலோடு நிற்கும் அங்கியில் இருக்கிறார்கள். நீளம் அமர்ந்திருப்பவனுக்கு, குட்டை உழைப்பவனுக்கு.

இப்போது நம் சொற்களைப் பக்கத்தில் வையுங்கள். அறுக்கப்பட்டது அறுவை, துணிக்கப்பட்டது துணி, துண்டாக்கப்பட்டது துண்டு, கூறுபட்டது கூறை (வீட்டுக்கு வேயும் இடையினக் கூரையோடு மயங்க வேண்டாம், மணமகள் உடுத்துவது வல்லினக் கூறை). நம்முடைய ஆடைப் பெயர்களுக்குள்ளும் இத்தனை வெட்டு! இன்று அறுவை என்றால் மருத்துவமனையும் சலிப்பூட்டும் பேச்சும்தான் நினைவுக்கு வரும். மதுரையில் அறுவை விற்ற வணிகர் இளவேட்டனார் சங்கப் புலவர் வரிசையில் இருக்கிறார், அவர் விற்றது துணி. ஐயத்தை வெட்டி எறிவது துணிவு என்றானதும் அதே வினையின் இன்னொரு நடை. வேட்டியையும் வெட்டிலிருந்து பிறந்ததாகச் சொல்லி இந்த வரிசையில் அமர்த்துவோர் உண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் சுற்றுதலைக் குறிக்கும் வடசொல் ‘வேஷ்டி’ நெருக்கமாக நிற்க, உடுத்தும் முறையும் சுற்றுதலாகவே இருக்க, என் கை அந்தப் பக்கமே சாய்கிறது.

ஆனாலும் நம் வெட்டு வேறு, அவர்கள் வெட்டு வேறு. பாவும் ஊடையும் முடிந்ததும் தறியிலிருந்து அறுத்து எடுத்தால் அறுவை. அந்த ஒரு வெட்டோடு ஆடை நிறைவு பெற்றது. பிறகு அதை உடுத்தினோம், கட்டினோம், சுற்றினோம், போர்த்தினோம். உடம்பின் வடிவத்தைத் துணிக்குச் சொல்லிக்கொடுத்தது கையின் மடிப்பு. வடகடல் நாட்டில் தறியின் உச்சியில் கட்டை வைத்து, பாவு நூல்களைக் களிமண் குண்டு கட்டித் தொங்கவிட்டு நெய்து அறுத்ததோடு வேலை முடியவில்லை; குளிருக்கு உடம்பு மூடியிருக்க வேண்டும், கை வேலை செய்ய வேண்டும். ஆகவே கத்தரி இரண்டாம் முறை வந்தது. குட்டை என்ற பெயருக்குள் இருப்பது இந்த இரண்டாம் வெட்டு.

அந்த வெட்டில் இருந்த சிக்கனத்தைப் பார்த்தால் மனம் குளிரும். தோளில் தையல் இல்லாமல் நீளத் துணியை இரண்டாக மடித்து, மடிப்பில் தலைக்குத் துளை; கைக்கு இரண்டு துண்டு; அக்குளில் கை தாராளமாக உயர ஒரு சிறு சதுரம்; இடுப்புக்குக் கீழே பக்கங்களைக் கிழித்து இரண்டு முக்கோணங்கள். முக்கோணங்களைச் சாய்கோட்டில் ஒரே செவ்வகத்திலிருந்து வெட்டினால் குப்பைக்குப் போக ஒரு விரலளவு துணியும் மிஞ்சாது. தானே நூற்று நெய்தவள் வீணாக்குவாளா? டென்மார்க்கின் வீபோர்க்கில் மண்ணுக்கடியில் கிடைத்த 11ஆம் நூற்றாண்டு லினன் சட்டையில் மேற்பகுதிக்கு மட்டும் இரட்டைத் துணி கொடுத்திருக்கிறார்கள். ஹேதபி என்னும் பழைய துறைமுகத்தின் சேற்றிலிருந்து வந்தவையோ, கப்பலுக்குத் தார் பூசும் கந்தையாகி, அந்தத் தாரினாலேயே மக்காமல் தப்பிய உடைத் துண்டுகள். மீள்நடிப்பாளர் ஒருவருடைய அங்கி அவர் காட்டும் காலத்துக்குப் பொருந்துமா என்று பார்க்க விரும்பினால் நிறத்தைப் பார்க்காதீர்கள், பக்க முக்கோணங்களைப் பாருங்கள். மஞ்சிட்டியின் உறவான மேடர் வேரில் சிவப்பும் ஓட் இலையில் நீலமும் அவர்களுக்கு எளிதில் கிடைத்தன. கண்ணைப் பறிக்கும் நிறத்தைக் குறை சொல்ல இடமில்லை. கொம்பு வைத்த தலைக்கவசம் இருந்தால் மட்டும் வாய்விட்டுச் சிரிக்கலாம்; அது 1876இல் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வரைந்த டோப்ளர் போன்றோர் ஊருக்குப் பரப்பியது.

அந்தப் பக்க முக்கோணத்துக்கு ஆங்கிலத்தில் ‘கோர்’ என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘காரா’ என்பது முக்கோண வடிவ நிலம். அதன் பின்னால் நிற்கும் ‘கார்’ என்பது ஈட்டி. ஈட்டி முனை நிலமாகி, நிலம் துணியாகி, துணி இடுப்பில் வந்து விரிந்தது. உழவனும் தையல்காரியும் ஒரே வடிவத்தை ஒரே பெயரால் அழைத்த ஊர் அது. வெங்காய இனம் ஒன்றுக்கு ஈட்டி-வெங்காயம் என்று அவர்கள் வைத்த பெயர்தான் ‘கார்லிக்’, நம் பூண்டு.

வெட்டால் பெயர் பெற்றவை போக, நுழைவால் பெயர் பெற்றதும் ஒன்று உண்டு. பெண்கள் உள்ளே அணிந்த நீள ‘ஸ்மோக்’, இன்றைய ‘ஸ்மாக்’. ஊர்ந்து நுழைதல் என்று பொருள்படும் வினையோடு அதை இணைப்பர். நோர்ஸில் அந்த வினையே ஆடைக்குள் புகுவதையும் குறித்தது. தலை நுழையும் கழுத்துத் துளைக்கும் அந்த வினையடியிலேயே பெயர். தமிழ்ப் புலவர் இதைக் கேட்டால் தலையசைப்பார். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர் அணிந்திருப்பது மெய்ப்பை, மெய்க்குப் பை! அந்தப் பைக்குள் அவர்கள் புகுந்திருப்பதாகவே நப்பூதனார் பாடுகிறார். உடுத்துப் பழகிய கண்ணுக்கு, தைத்த உடை என்பது ஆள் புகும் ஒரு பையாகத் தெரிந்திருக்கிறது. இன்றும் வேட்டியைக் கட்டுகிறோம், சட்டையை மாட்டுகிறோம். வினை மாறுவதே உடை மாறியதற்குச் சான்று.

அந்தக் கழுத்துத் துளை ஒரு மணத்தையே முறித்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட லாக்ஸ்தேலா கதையில் குத்ரூன் என்ற பெண்ணுக்குத் தோர்வால்தோடு வாழப் பிடிக்கவில்லை. நண்பன் தோர்த் ஒரு வழி சொல்கிறான்: கணவனுக்குப் பெண்ணுடைபோலக் கழுத்து அகன்ற சட்டை ஒன்று தைத்துக்கொடு, அதையே காரணம் காட்டி மணவிலக்குப் பெற்றுக்கொள். ஸ்கிர்த்தா என்ற நம் சொல்லே அங்கே வருகிறது. சட்டை தைக்கப்பட்டது, மணம் முறிந்தது. பிறகு தோர்த் தன் மனைவி ஔத் ஆண்போலக் காற்சட்டை அணிகிறாள் என்று குற்றம் சாட்டி அவளை விலக்கிக் குத்ரூனை மணந்துகொள்கிறான். ஔத் அழுது முடங்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட அதே காற்சட்டையை இம்முறை உண்மையிலேயே மாட்டிக்கொண்டு, இரவில் குதிரையேறி வந்து, உறங்கிக்கொண்டிருந்த தோர்த்தை வாளால் வெட்டிக் காயப்படுத்திப் போகிறாள். ஊர் அவளுக்கு முன்பே காற்சட்டை ஔத் என்று பட்டம் கட்டியிருந்தது.

அந்தப் பட்டத்தில் காற்சட்டையைக் குறிக்கும் நோர்ஸ் சொல்லான ‘புரோக்’ ஆங்கிலத்திலும் உண்டு. ஒருமை ‘புரோக்’, பன்மை ‘பிரேச்’, காலுக்கு ஒன்றாக இரண்டு என்ற கணக்கில் பன்மையே வழக்கில் நின்றது. பிறகு வந்தவர்கள் அது ஏற்கெனவே பன்மை என்பதை மறந்து, மேலும் ஒரு பன்மை விகுதியைத் தைத்து ‘பிரிச்சஸ்’ ஆக்கிவிட்டார்கள். அவர் என்ற பலர்பாலின்மேல் கள் ஏற்றி அவர்கள் என்று வழங்கும் நமக்கு இந்த விகுதிமேல் விகுதி புதிதல்ல.