முழங்கால்தான் முதல் ஸ்பிரிங்

மார்ச் 29, 1924. சனிக்கிழமை. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் கேம்பர்லி என்று ஒரு ஊர். ஊருக்கு வெளியே மணலும் புதரும் மேடும் பள்ளமுமாக ஒரு பொட்டல்வெளி. பக்கத்திலேயே ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்யும் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரி இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், எப்பேர்ப்பட்ட பூமி என்று. நடந்தாலே மூச்சு வாங்கும். அங்கே மோட்டார் சைக்கிளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. மேட்டிலும் சேற்றிலும் விழுந்தடித்து ஓட்டிக்கொண்டு போய், யார் முதலில் வந்து சேர்கிறார்களோ அவர்தான் ஜெயித்தவர். அவ்வளவுதான் விதி.

இன்றைக்கு டி.வி.யில் வண்டிகள் ஆகாசத்தில் பறந்து பறந்து விழுவதைப் பார்க்கிறோமே, மோட்டோகிராஸ். அந்த விளையாட்டின் முதல் பந்தயம் என்று சரித்திரக்காரர்கள் கை காட்டுவது இந்தச் சனிக்கிழமையைத்தான்.

முதல் பந்தயம் என்றால் கலந்துகொண்ட எல்லோருக்குமே அதுதான் முதல். கேட்டுத் தெரிந்துகொள்ள அனுபவஸ்தன் ஒருத்தன் கூட இல்லை. அப்படியானால் எப்படித் தயாராகியிருப்பார்கள்? எதை நம்பி வண்டியைக் கிளப்பியிருப்பார்கள்? இதுதான் சுவாரஸ்யமான கேள்வி. ஏனென்றால், இன்றைக்கு முதல்முறையாக மண் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கிற ஒரு பையனுக்கும் இதே கேள்விதான். பதிலும் பெரிதாக மாறிவிடவில்லை.

அதற்கு முன்னால் மண்ணில் யாரும் வண்டி ஓட்டவில்லையா என்றால், ஓட்டினார்கள். ஆனால் அதற்குப் பெயர் பந்தயம் இல்லை. 'டிரையல்'. பரீட்சை என்று வைத்துக்கொள்ளலாம். வழுக்குப் பாறை, ஓடைக்கரை, சகதி என்று இடம் குறித்திருப்பார்கள். ஒரு நடுவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நிதானமாக, பேலன்ஸ் தவறாமல் கடக்க வேண்டும். கால் தரையில் பட்டதா? மார்க் போச்சு. கழைக்கூத்தாடியின் பொறுமை வேண்டும் அதற்கு.

1914-ல் இந்தப் பரீட்சையில் கொஞ்சம் மிளகாய்ப்பொடி தூவினார் ஒரு மனிதர். ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட். யார்க்‌ஷயரில் ஷிப்லி என்கிற ஊரில் ஸ்காட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையை நடத்தியவர். தன்னிடம் வேலை பார்த்த தொழிலாளிகளைக் கூப்பிட்டு, 'இங்கிருந்து மலைச்சரிவு வழியாக பர்ன்சால் கிராமம் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்கள் பார்க்கலாம்' என்று சவால் விட்டார். கிளம்பியவர்கள் 14 பேர். போய்ச் சேர்ந்தவர்கள் 9. வண்டியைச் செய்தவர்களுக்கே அந்தக் கதி! இந்த ஸ்காட் டிரையலில் நடுவர் மார்க்கும் உண்டு, கடிகாரமும் உண்டு.

பத்து வருஷம் கழித்து, தெற்கே கேம்பர்லி கிளப்காரர்களுக்கு அதே மாதிரி ஒன்று நடத்த ஆசை. ஆனால் நடுவரும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம், கடிகாரம் ஒன்று போதும் என்றார்கள். இந்த விளையாட்டைக் கட்டிக்காத்த சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. மார்க் இல்லாத ஒன்றை டிரையல் என்று எப்படி அழைப்பது? 'பெயர் என்னவாக இருந்தால் என்ன, எப்படியும் ஒரே ஸ்க்ராம்பிளாகத்தான் இருக்கப் போகிறது' என்று கிளப்பில் ஒருவர் சொல்ல, அதுவே பெயராகிவிட்டதாகக் கதை. ஸ்க்ராம்பிள் என்றால் முண்டியடித்தல். டவுன் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி.

சரி, அன்றைக்கு அவர்கள் ஓட்டிய வண்டி என்ன? தனியாகப் பந்தய வண்டி என்று எதுவும் கிடையாது. ரோட்டில் ஓட்டுகிற வண்டியேதான். முன் சக்கரத்துக்கு மட்டும் ஏதோ பெயருக்கு ஸ்பிரிங். பின் சக்கரமோ சட்டத்தோடு அப்படியே முறுக்கப்பட்டிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் கம்பி, அவ்வளவுதான் கருணை.

ஆகவே சீட்டை விட்டு எழுந்து நின்றார்கள். கால் வைக்கிற கட்டையில் பாதத்தை ஊன்றி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றால், வண்டி எகிறினாலும் உடம்பு எகிறாது. வண்டிக்கு இல்லாத ஸ்பிரிங்கை மனிதன் தன் உடம்பில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு ஜெயித்தவர் ஆர்தர் ஸ்பார்க்ஸ். அவர் ஓட்டியது என்ன வண்டி தெரியுமா? தொழிலாளிகளுக்குச் சவால் விட்டாரே, அந்த ஸ்காட்டின் வண்டி!

இந்த விளையாட்டின் நூறு வருஷக் கதையில் எஞ்சினுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. திணறலெல்லாம் அந்தச் சக்தியைத் தரையில் இறக்குவதில்தான். சக்கரம் காற்றில் இருக்கும்போது எத்தனை குதிரை இருந்து என்ன பிரயோஜனம்?

இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்த வண்டியை நம் ஊரில் அறியாதவர் கிடையாது. ராயல் என்ஃபீல்டு புல்லட். 1948-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு டிரையலுக்கு அதன் முன்மாதிரி வண்டிகள் வந்தபோது நிபுணர்கள் சிரித்தார்கள். காரணம், பின் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர்! பின்னால் ஸ்பிரிங் வைத்தால் டயருக்குப் பிடிப்பு போய்விடும் என்பது அன்றைய சித்தாந்தம். அதே வருஷம் இத்தாலியில் சான் ரெமோ நகரில் ஆறு நாள் சர்வதேச டிரையல் நடந்தது. கோப்பையை வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு பேர் புல்லட்டில் வந்து தங்கப் பதக்கம் வாங்கினார்கள். சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. 1955-ல் சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. நம் தாத்தாக்கள் பாட்டியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு முதுகு உடையாமல் போய்வந்ததற்கு, ஐரோப்பாவின் சேறும் ஒரு காரணம்.

இதற்கிடையில் ஸ்க்ராம்பிளுக்கு பிரெஞ்சுக்காரர்கள் மோட்டோகிராஸ் என்று ஞானஸ்நானம் செய்துவைத்தார்கள். 1952-ல் 500 சி.சி. வண்டிகளுக்கு ஐரோப்பிய சாம்பியன்ஷிப். 1957-ல் அதுவே உலக சாம்பியன்ஷிப். 1964, 1965 இரண்டு வருஷமும் பி.எஸ்.ஏ. வண்டியில் வந்து பட்டம் வாங்கினார் ஜெஃப் ஸ்மித். 500 சி.சி. அனுமதி உண்டு. அவர் வண்டி அதைவிடச் சின்னது, 1965-ல் 441 சி.சி. சின்னது, ஆனால் லேசானது. சக்தியை விட்டுக்கொடுத்து எடையில் சம்பாதித்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். லேசாக இருந்தால் ஜெயிக்கலாமா? அப்படியானால் இன்னும் லேசாக்கு என்று 1966-ல் டைட்டேனியத்தில் சட்டம் செய்தது பி.எஸ்.ஏ. ஆகாய விமானத்துக்குப் போடுகிற உலோகம். விலையோ விலை. என்ன ஆச்சு? சட்டம் வளைந்து கொடுத்தது. விரிசல் விட்டால் மைதானத்தில் வைத்து வெல்டிங் அடிக்கவும் முடியாது, டைட்டேனியத்துக்கு அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். அந்த வருஷப் பட்டம் கிழக்கு ஜெர்மனியின் பால் ஃபிரீட்ரிக்ஸுக்குப் போனது. முதல் பந்தயத்துக்கு முன்னால் கடன் வாங்கி விலை உயர்ந்த உதிரிபாகம் மாட்டத் துடிக்கிற பையன்களுக்கு, டைட்டேனியம் சட்டத்தின் கதையை யாராவது சொல்ல வேண்டும்.

சரி, உடம்பு? அதற்கு இரண்டு பெல்ஜியக்காரர்களைப் பார்க்க வேண்டும். ஜோயல் ராபர்ட், ரோஜர் டி கோஸ்டர். எழுபதுகளின் தொடக்கத்தில் இருவரும் சுசூகி அணி. ராபர்ட்டுக்குப் பயிற்சி என்றாலே அலர்ஜி. சிகரெட் பிடிப்பார், கொண்டாட்டம் என்றால் முதல் ஆளாக நிற்பார். ஆனாலும் 250 சி.சி. பிரிவில் ஆறு உலகப் பட்டம். டி கோஸ்டர் நேர் எதிர். உடற்பயிற்சியை ஒரு தவம் மாதிரி செய்தவர். 500 சி.சி.யில் ஐந்து பட்டம்.

'அப்போ பயிற்சியே தேவையில்லை, ராபர்ட்தான் ஆறு வாங்கிவிட்டாரே' என்று யாராவது கணக்குப் போட்டால், ஒரே ஒரு கேள்வி. ராபர்ட்டின் உடம்பு உங்களிடம் இருக்கிறதா? அவர் முதல் பட்டம் வாங்கியபோது வயது 20. அப்படி ஒருத்தர் அபூர்வமாகத்தான் பிறக்கிறார். மற்றவர்களுக்கு டி கோஸ்டரின் வழிதான் வழி.

1973-ல் இன்னொரு பாய்ச்சல். பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் என்கிற பொறியாளர், பின்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பருக்குப் பதில் நடுவில் நீளமாக ஒன்றே ஒன்று வைத்தார். யமஹா அதை வாங்கிக்கொண்டது. அந்த வருஷமே ஸ்வீடன்காரர் ஹாக்கன் ஆண்டர்சன் அதில் 250 சி.சி. உலகப் பட்டம் வாங்கினார். அதுவரைக்கும் பின் சக்கரம் நாலு அங்குலம் ஏறி இறங்கினால் பெரிய விஷயம். இன்றைக்கு ஒரு மோட்டோகிராஸ் வண்டியின் சக்கரம் சுமார் 300 மில்லிமீட்டர், அதாவது ஓர் அடி ஏறி இறங்கும்.

ஆக, இன்றைக்கு முதல் ஸ்பிரின்ட்டுக்குக் கிளம்புகிற பையன் என்ன செய்ய வேண்டும்? எஞ்சினை விட்டுவிட்டுத் தரையைக் கவனிக்க வேண்டும். டயரில் காற்று, ரோட்டில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. மண்ணில் 12 முதல் 14 பி.எஸ்.ஐ. வழக்கம். அதற்கும் கீழே போனால் கல்லில் மோதி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பஞ்சராகும். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து முடுக்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் தடவ வேண்டும், புழுதிதான் எஞ்சினுக்கு எமன். பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினால் பின்பக்கம் சுமார் 100 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதற்கு அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஸ்பிரிங்கை அவரவர் எடைக்குத் தக்கபடி சரிசெய்வதற்கு ஒரு ஸ்பேனரும் அளவு டேப்பும் ஒரு நண்பனும் போதும். டைட்டேனியம் தேவையில்லை.

அப்புறம், மைதானத்தை ஒருமுறை நடந்தே சுற்றிவர வேண்டும். எந்த மேட்டுக்குப் பின்னால் பள்ளம் ஒளிந்திருக்கிறது என்பது வண்டியில் போகும்போது தெரியாது.

கடைசியாக உடம்பு. நாலைந்து சுற்றுதானே, பத்துப் பதினைந்து நிமிஷம்தானே என்று தோன்றும். உலகப் போட்டிகளில் ஒரு சுற்றுப் பந்தயம் 30 நிமிஷமும் அதற்கு மேல் இரண்டு வட்டமும். அதில் இதயம் நிமிஷத்துக்கு 180 தடவைக்கு மேல் துடிப்பது சகஜம். புதியவனுக்குப் பத்து நிமிஷத்திலேயே அந்த நிலை வந்துவிடும். பயத்தில் ஹேண்டில்பாரை உடும்புப்பிடியாகப் பிடிப்பான். முன்கைத் தசை உப்பிக் கல்லாகும். விரல் பிரேக்கை இழுக்க மறுக்கும். முதல் பந்தயத்தில் விழுகிறவர்களில் பலர் விழுவது வேகத்தால் அல்ல, இந்த மரத்த விரல்களால்தான்.

மருந்து என்ன? கைப்பிடியைத் தளர்த்தி, டேங்க்கை முழங்காலால் கவ்விக்கொண்டு, எழுந்து நிற்பது. அதற்குத் தொடையிலும் இடுப்பிலும் வலு வேண்டும். அதைக் கடையில் வாங்க முடியாது. இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே ஓட்டமும் உட்கார்ந்து எழுவதுமாக ஆரம்பித்தால்தான் உண்டு.

ஒரு அடி ஸ்பிரிங் வந்த பிறகும், ஸ்பிரிங்கே இல்லாத கேம்பர்லிக்காரர்கள் நின்ற மாதிரியேதான் நிற்க வேண்டியிருக்கிறது.