பட்டை படுத்துருச்சுண்ணே

அம்பாசடரின் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார வேண்டும் என்பது கம்பெனி கணக்கு. ஆறு பேர், மடியில் இரண்டு பிள்ளைகள், டிக்கியில் கல்யாணச் சீர் என்பது ஊர்க் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை. மேலே நீளமான மெயின் பட்டை, அதன் இரு முனைகளும் சுருண்டு காதாகியிருக்கும். கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையான பட்டைகள். அடுக்கைக் கோக்க நடுவில் ஒரு சென்டர் போல்ட், அச்சோடு சேர்த்து இறுக்க யு போல்ட்டுகள். பக்கத்துக்கு ஒரு கட்டு. அவ்வளவுதான் மொத்தச் சங்கதியும்.

இதன் பூர்வீகம் குதிரை வண்டி. 1804-இல் இங்கிலாந்தின் ஒபதையா எலியட் வண்டிக்கான நீள்வட்டப் பட்டை வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரை போய் எஞ்சின் வந்தபோதும் பட்டை அப்படியே தங்கிவிட்டது. 1956-இல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் பின்னாலும் அதுதான். அந்தக் காரைக் கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-இல் அம்பாசடர் என்று வெளியிட்டது. முன் சக்கரங்களுக்கு முறுக்குக் கம்பி, அதாவது டார்ஷன் பார். பின்னால் பட்டை. 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை பின்பக்கத்து ஏற்பாடு அடிப்படையில் மாறவில்லை.

பட்டைக்கென்று தனி எஃகு உண்டு. சிலிக்கானும் மாங்கனீசும் கலந்தது. ஏறக்குறைய 900 டிகிரிக்குக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி 400, 500 டிகிரியில் பதப்படுத்துவார்கள். முதல் சூட்டில் கடினம் வரும், இரண்டாவதில் ஒடியாத குணம் வரும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதும் ஒரு வேலைதான். குழியில் இறங்கி ஏறிய கார் நாலைந்து தடவை ஆடாமல் அந்த உரசல் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். மீதியை ஷாக் அப்சார்பர் பார்த்துக்கொள்ளும்.

திருச்சிக்கு வந்த பட்டைக்கு இளைப்பாற நேரமே கிடைக்கவில்லை. ஜங்ஷனிலும் சத்திரம் பேருந்து நிலையத்திலும் நின்ற டாக்சிகள் ஸ்ரீரங்கம், சமயபுரம், தஞ்சாவூர், வேளாங்கண்ணி என்று ஓடின. அந்தக் காலத்தில் இங்கே அம்பாசடருக்குச் செய்த 'அப்கிரேடு' ஒன்றே ஒன்று, எக்ஸ்ட்ரா பட்டை. கட்டில் கூடுதலாக ஒன்றைச் செருகினால் பின்பக்கம் நிமிரும், எத்தனை பேர் ஏறினாலும் சக்கரம் மட்கார்டில் இடிக்காது. டாக்சிக்காரருக்கு அது போதும். காலியாகத் திரும்பும்போது முதுகெலும்பு படும் பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

லாரிப் பட்டையை வெட்டிக் காருக்குள் செருகியவர்களும் உண்டு. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. கனம் கால் பங்கு கூடினாலே விறைப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. இரண்டு மடங்கு கனமென்றால் எட்டு மடங்கு. கட்டில் ஒன்று மட்டும் அப்படி முரட்டுப் பட்டையாக இருந்தால் சுமையெல்லாம் அதற்கே போய்ச் சேரும், மற்றவை சும்மா வளைந்துகொடுக்கும், முரடு ஒருநாள் 'டங்'கென்று ஒடியும்.

1990-களின் தொடக்கத்தில் 1489 சிசி பழைய எஞ்சினுக்குப் பக்கத்தில் இசுசுவின் 1817 சிசி எஞ்சினும் வந்தது. அம்பாசடருக்குத் திடீரென்று நெஞ்சு நிமிர்ந்தது. பட்டைக்குத்தான் புதுத் தலைவலி. பட்டை பாரம் சுமப்பதோடு நிற்பதில்லை, அச்சு முன்பின் போகாமல் பிடித்துக்கொள்வதும் அதுவே. முதல் கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டால் சக்கரம் முன்னே உருள, அச்சு எதிர்ப்பக்கம் திருக முயலும். பட்டை பாம்பாக நெளிந்து, பின் துள்ளி நேராகும். 1964-இல் வந்த அமெரிக்கப் பெருஎஞ்சின் கார் ஃபோர்டு மஸ்டாங்குக்கும் பின்னால் பட்டைதான், அவர்களுக்கும் இதே துள்ளல்தான். அங்கே அச்சுக்கும் உடம்புக்கும் நடுவே தாங்குகம்பி கட்டிச் சமாளித்தார்கள். நம் ஊர் 'மசில் கார்' என்று பையன்கள் கொண்டாடும் கான்டெஸாவில் (1984 முதல் 2002 வரை) பின்னால் சுருள் ஸ்பிரிங், அச்சைப் பிடிக்கத் தனிக் கைகள். அதனால் அதற்கு இந்த நோய் இல்லை.

இன்றைக்கு தென்னூரில் உழவர் சந்தைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் ஷெட்டில் அம்பாசடர் ஏறினால் அது பெரும்பாலும் டாக்சி இல்லை. அப்பா ஓட்டியது, விற்க மனசில்லாமல் வைத்திருப்பது. மெக்கானிக் பின்னால் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்கிற முதல் வாக்கியம் மட்டும் மாறவில்லை: "பட்டை படுத்துருச்சுண்ணே."

ஜாக்கி வைத்து யு போல்ட்டைக் கழற்றும்போதுதான் சரித்திரம் தெரியும். துருவும் வேஸ்ட் ஆயிலும் சேர்ந்து கருங்கட்டியாக இறுகியிருக்கும். கிறீச் சத்தம் வராமலிருக்க யாரோ வருடக்கணக்கில் தடவிய ஆயில். சத்தம் நின்றிருக்கும், காதுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் ஊறிக் கூழாகியிருக்கும். சென்டர் போல்ட் அறுந்திருந்தால் இன்னும் வேடிக்கை: அச்சு ஒரு பக்கம் நகர்ந்து கார் நண்டு மாதிரி சாய்வாகப் போகும், ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

படுத்த பட்டையைச் சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றுவது மலிவான வழி. சூடேற்றிப் பதம் போடாமல் அடித்த வளைவு சீக்கிரமே மறுபடி படுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றாவிட்டால் கார் ஒரு தோளை இறக்கியே நிற்கும். புதுப் பட்டை, புதுப் புஷ், புது யு போல்ட், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மறுஇறுக்கல். இதுதான் முதல் அப்கிரேடு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. பழைய நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டு டெலஸ்கோப்பிக் போடுவது நல்ல காரியம்தான், பிராக்கெட்டை எங்கே வெல்டு வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டால். அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடம்பேதான் சேசிஸ். துருப்பிடித்த தகட்டில் வைத்த வெல்டு தகட்டையும் கூட்டிக்கொண்டு வரும்.

சக்கரத்தில்தான் ஆசை எல்லை மீறுகிறது. பழைய 5.90-15 டயர் உயரமானது, குறுக்குவிட்டம் சுமார் 660 மில்லிமீட்டர். அதே 15 அங்குல ரிம்மில் 185/65 ரேடியல் ஏற்றினால் விட்டம் 621. ரோட்டுப் பிடிப்பு கூடும், பிரேக் பிடித்தால் நேராக நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் காரின் அடிவயிறு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இறங்கிவிடும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 56-தான். உயரம் குறையாத ரேடியலாகத் தேடிப் போடுவது புத்திசாலித்தனம். 17 அங்குல அலாய் வீலில் நிற்கும் அம்பாசடரைப் பார்த்தால் எனக்கு, பட்டு வேட்டிக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாப்பிள்ளையைப் பார்க்கிற சங்கடம். மெலிந்த டயரில் குழியின் அடி நேராகப் பட்டைக்குப் போகும். அப்புறம் பட்டையைக் குறை சொல்வார்கள்.

காகிதச் சிக்கலும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு வகுத்த வின்டேஜ் விதிகளின்படி, 50 வருடம் தாண்டிய வாகனம் 'விஏ' எழுத்துள்ள தனிப் பதிவெண் வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். உடற்கூட்டிலோ சேசிஸிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பட்டை மாற்றினால் அது ரிப்பேர். உடம்பையே வெட்டிச் சுருள் ஸ்பிரிங் பொருத்தினால் அது வேறு கதை. பதிவெண் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கட்டரை எடுக்குமுன் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

கழற்றிய பட்டை ஷெட்டின் மூலையில் கொஞ்சநாள் கிடக்கும். நல்ல எஃகு வீணாகாது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்ததில் ஓடிக் களைத்த லாரிப் பட்டைக்கும் பங்குண்டு. கொல்லர் பட்டையைத் தட்டிச் சத்தம் கேட்பார், குறிப்பாக சென்டர் போல்ட் துளையைச் சுற்றி. விரிசல் இருந்தால் ஓசை மழுங்கும், அதை ஒதுக்கிவிடுவார். தேறியதைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, விளிம்பை நனைத்துக் கடினமாக்கி, சாணை பிடிப்பார். அம்பாசடர் பட்டை லாரிப் பட்டையைவிட மெலிசு, பெரிய அரிவாளுக்குக் காணாது. தேங்காய் வெட்டும் கத்திக்கும் அரிவாள்மணைக்கும் ஏற்ற கனம். சுருண்ட காதுப் பகுதி மட்டும் எதற்கும் ஆகாது. அதை வெட்டிக் காயலான் கடைக்கு எடை போட்டுவிடுவார்கள்.