மெகாபிக்சலும் நாளிதழ்ப் பக்கமும்

1999இல் நிக்கான் டி1 வந்தபோது அதன் சென்சாரில் இருந்தவை 2.7 மெகாபிக்சல்கள்தான். ஆனாலும் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அதை நம்பி பிலிமைக் கைவிடத் தொடங்கினர். கணக்கு எளிது: அங்குலத்துக்கு 200 பிக்சல் போதுமான செய்தித்தாளில், 2000 பிக்சல் அகலமுள்ள படம் 10 அங்குலத்தை நிரப்பும். வழவழப்பான வார இதழுக்கு 300 பிக்சல் வேண்டும். அப்போதும் முழு ஏ4 பக்கம் 9 மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். 2007இல் வந்த 12 மெகாபிக்சல் நிக்கான் டி3 அந்த எல்லையையும் தாண்டிவிட்டது.

படத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்கவும், சுவரளவு அச்சிடவும் கூடுதல் பிக்சல் வேண்டாமா என்று கேட்பார்கள். நீள அகலங்களைப் பாதியாக வெட்டினால் கால்பங்கு பிக்சலே மிஞ்சும்; எனவே முதல் வாதம் நியாயமானது. இரண்டாவது அவ்வளவு வலுவானதல்ல: பெரிய அச்சைப் பெரும்பாலும் தள்ளி நின்றே பார்க்கிறோம். படம் எங்கே, எந்த அளவில் அச்சாகும் என்பதே தேவையைத் தீர்மானிக்கிறது.