இரவலும் உடைமையும்

எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தை, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' படத்தினின்று களவாடியதென்பாருளர். ஒரு கொலையைப் பலர் பலவாறு உரைக்கும் முறை 1950இல் வந்த அப்படத்தினதே, மறைப்பானேன்? ஆயின் குரோசாவாவும் அதனை அகுதகாவா 1922இல் எழுதிய சிறுகதையிலிருந்தன்றோ பெற்றார்!

பெற்றதைக் கொண்டு பாலசந்தர் என் செய்தார் என்பதே கேள்வி. காட்டில் நிகழ்ந்த பழங்காலக் கொலையை, 1943இல் ஜப்பானியர் குண்டு வீசிய சென்னைக்குக் கொணர்ந்தார். அங்கே கள்வன், மனைவி, மாண்டவனின் ஆவி ஆகிய மூவரும் கொலையைத் தம் கையதென்றே கூறுவர். இங்கே விசாரிக்கப்படுவோர் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்துவர். இது படியெடுத்தவர் செய்கையன்று. மாண்டவனோ நாட்டின் இரகசியத்தைப் பகைவருக்கு விற்ற வானொலிப் பொறியாளன். அவனைக் கொன்றது மனைவியின் கைத்துப்பாக்கி. கணவனே தெய்வமென்று ஓயாது போதித்த தமிழ்த் திரையில் இஃது எளிய துணிவா?

பாட்டும் அறவே இல்லை. தமிழில் அதற்கு முன் அப்படியொரு பேசும்படம் வந்ததில்லை. பணமும் வரவில்லை!

ஒரு குறை சொல்வேன். குரோசாவா உண்மை இன்னதென்று உரையாது விடுத்தார். பாலசந்தர் துப்பறிந்து, குற்றவாளியைக் காட்டி, கதையை முடித்துவிட்டார். இரவல் வாங்காத அவ்விடத்தில்தான் படம் சற்றுத் தாழ்கிறது.