பத்தரை ராத்தல் தோணி

நியூயார்க் மாநிலத்தின் வடபாகத்தில், மலைகளுக்கிடையே எண்ணற்ற ஏரிகள் சிற்றாறுகளால் தொடுக்கப்பட்டுக் கிடக்கும் அடிரண்டாக் வனத்திற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உல்லாசமாய்ப் புறப்பட்ட நகரவாசி, முதலில் ஒரு வழிகாட்டியைத் தேடிப் பிடித்தாகவேண்டும். ஓர் ஏரிக்கும் மற்றோர் ஏரிக்கும் நடுவே காட்டுத் தரை குறுக்கிடும். அங்கே படகைக் கரையேற்றிச் சுமந்தே கடக்கவேண்டும். அவ்வூரார் ‘கேரி’ என்று வழங்கிய அந்தச் சுமைவழிகளில், எழுபது ராத்தல் அளவுள்ள படகைக் கவிழ்த்து, தோளிற் பொருத்திய நுகத்தில் தாங்கி வழிகாட்டி முன்னே நடக்க, நாட்கூலி கொடுத்தவர் பின்னே நடந்து செல்வார். 1869-ல் முர்ரே என்னும் பாஸ்டன் நகரப் பாதிரியார் அவ்வனத்தைப் புகழ்ந்து ஒரு நூல் வெளியிட்ட பிறகு கோடைதோறும் ஜனங்கள் திரண்டனர். ஆயினும் கூலி கொடுக்க வகையற்றவனுக்கு அந்த ஏரிகள் எட்டாதவையாகவே இருந்தன.

அந்த நிலையை மாற்றிக் காட்டியவர், பென்சில்வேனியா மாநிலத்து வெல்ஸ்பரோ ஊரில் பாதரட்சை தைத்துப் பிழைத்த ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். 1821-ல் மாசசூசெட்ஸில் பிறந்து, எட்டு வயதிலேயே பஞ்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டு, வாலிபத்தில் திமிங்கில வேட்டைக் கப்பலேறிய அவருக்கு, வனத்தின் இரகசியங்களைச் சிறுபிராயத்தில் கற்பித்தவர் ஆதிக்குடி ஒருவர். அவருடைய பெயராகிய ‘நெஸ்மக்’ என்பதையே தம் புனைபெயராக்கி, ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ பத்திரிகையில் சியர்ஸ் எழுதி வந்தார். ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட உயரமும், க்ஷயரோகம் அரித்த தேகமும் உடைய அவர், எழுபது ராத்தலைத் தூக்குவதெப்படி? கான்டன் ஊரில் படகு கட்டும் ஹென்றி ரஷ்டனிடம், தம் தோள் தாங்கும் அளவுக்குத் தோணி வேண்டுமென்று கேட்டார்.

ரஷ்டன் 1880-ல் கட்டிக் கொடுத்த முதல் தோணி 18 ராத்தலுக்கும் குறைவு. 1883-ல் கட்டியது 9 அடி நீளமும் 10½ ராத்தல் எடையும் கொண்டது. வெள்ளை சீடார் மரத்தின் மெல்லிய பலகைகளை ஒன்றன் ஓரம் மற்றொன்றின்மேல் படியும்படி இணைத்து, உள்ளே விலாவெலும்புபோல் நெருக்கமாய் வங்குகளை வளைத்துப் பொருத்திய அச்சிறு கலத்தில், நடுத்தளத்தில் அமர்ந்து, இருமுனையும் அகன்ற துடுப்பால் இடமும் வலமும் மாறி மாறித் தள்ளவேண்டும். சார்லஸ் டிக்கன்ஸ் நாவலில் வரும் தாதி, மதுவில் தண்ணீர் கலவாதவள். தண்ணீரை உள்ளே விடாத தோணிக்கு அவள் பெயராகிய ‘சேரி காம்ப்’ என்பதையே சியர்ஸ் சூட்டினார்.

61 வயதில், துணை ஒருவருமின்றி, அந்தத் தோணியில் அவர் 266 மைல் சென்று திரும்பினார். தோணி, போர்வை, மாற்றுடை, இரண்டு நாள் உணவு, சிறுகோடரி, தூண்டில் எல்லாம் சேர்த்து 26 ராத்தலுக்கு மேல் போகாது. எந்த இரவும் எந்தக் கரையிலும் தங்கலாம். தனிவழிப் பிரயாணத்துக்கு நெஞ்சுரம் போதும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். சுமையைக் குறைக்கும் கலையும் வேண்டுமென்பதை நான் அவரிடமிருந்தே அறிந்துகொண்டேன்.

அவருடைய பூச்சி எண்ணெயைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பைன் மரத் தார் மூன்று பங்கு, விளக்கெண்ணெய் இரண்டு பங்கு, பென்னிராயல் என்னும் மூலிகைத் தைலம் ஒரு பங்கு. இவற்றை இளந்தீயிற் காய்ச்சி முகத்திலும் கையிலும் பூசி, வனத்தை விட்டு வெளிவரும்வரை கழுவாமலே இருந்துவிடுவார். நாளடைவில் அது மெருகுபோற் படிந்து கருநிற ஈயையும் கொசுவையும் விலக்கும். இவை யாவற்றையும் 1884-ல் வெளிவந்த ‘உட்கிராஃப்ட்’ என்னும் நூலில் எளிய மக்களுக்காக எழுதி வைத்தார்.

அடிரண்டாக் வனத்தில் அணை கட்டி நீர் தேக்கியதால் கரையோர மரங்கள் மூழ்கிப் பட்டு நின்ற காட்சி அவரை வருத்தியது. அதையும் பத்திரிகையில் எழுதினார். 1885-ல் நியூயார்க் அரசு வனக் காப்புச் சட்டம் இயற்றியது. அவ்வனம் என்றும் வனமாகவே இருக்கவேண்டுமென்று 1894-ல் மாநில அரசியல் சாசனமே விதித்தபோது, சியர்ஸ் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘சேரி காம்ப்’ பிற்பாடு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உடைமையாகி, அவர் துடுப்பு வலித்த ஏரிகளின் நடுவே, புளூ மவுண்டன் லேக் ஊரின் காட்சிசாலையில் வைக்கப்பட்டது.